மூங்கில் தரையும் பசுமைப் புளுகும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கெடக்கு. இன்னைக்கு ஒரு கடுப்புல வந்து உக்காந்திருக்கேன். கடுப்புக்குக் காரணம் மூங்கில். சிரிக்காதீங்க, நெசமாவே மூங்கில்தான்.

சொந்தக்கதையை முதல்ல சொல்லிடறேன், அப்பதான் என் கோவம் புரியும். கும்பகோணத்துக்குப் பக்கத்துல எங்க பூர்வீக வீடு. தாத்தா 1964-ல கட்டினது. ரேழி, கூடம், ரெண்டு உள், எல்லாத்துக்கும் சிவப்புக் காவித் தரை. இப்ப அதை ரெட் ஆக்ஸைடுன்னு ஸ்டைலா சொல்றாங்க. அறுபது வருஷமா அம்மாவும் பாட்டியும் துடைச்சுத் துடைச்சு முகம் பாக்கலாம்ங்கற அளவுக்குப் பளபளப்பு. சித்திரை வெயில்ல சட்டையைக் கழட்டிட்டு அதுல வெறும் முதுகோட படுத்துப் பாத்தவனுக்குத்தான் அந்தச் சொகம் தெரியும்.

அந்த வீட்டுல இப்ப அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்காங்க. போன மாசம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, தரையெல்லாம் பேத்துட்டு மூங்கில் தரை போடப்போறேன். எக்கோ ஃப்ரெண்ட்லி. நீதான் ஊருக்கெல்லாம் சுற்றுச்சூழல்னு உபதேசம் பண்ணுவியே, உனக்குப் பிடிக்கும்னுதான் இதையே தேர்ந்தெடுத்தேன்"னான்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன், ரேழி முழுக்கப் பேத்தாச்சு. கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டாய் ஓரமா செவப்புச் சல்லி குமிஞ்சு கெடக்கு. அம்மா வாசப்படியில உக்காந்து, "பசுமைன்னு சொல்றான்டா, நல்லதுதானே?"ன்னு என்னையே கேக்கறாங்க. என்னத்த சொல்ல!

சரி, சொந்தக்கதை போதும். மேட்டருக்கு வர்றேன்.

நான் மூங்கிலுக்கு எதிரி இல்ல. முதல்லயே இதைச் சொல்லிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. மூங்கில் மரமே இல்ல, புல். நெல்லு, கரும்பு, அருகம்புல்லுக்கெல்லாம் சொந்தக்காரன். தரைப்பலகைக்குப் பெரும்பாலும் பயன்படறது சீனாவோட மோசோ மூங்கில். முளைச்ச ரெண்டு மாசத்துல முழு உயரத்துக்கு வந்துடும். அப்புறம் நாலஞ்சு வருஷம் நின்னு முத்தினா வெட்டலாம். வெட்டினாலும் மண்ணுக்குள்ள கிழங்கு உயிரோட இருக்கும், மறுபடி நட வேண்டியதில்ல. தேக்கு அந்த அளவுக்குப் பருக்கறதுக்குள்ள ஒரு தலைமுறை ஓடிடும். இதுல ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கல.

ஆனா நீங்க கடையில வாங்கறது மூங்கில் இல்லைங்க. பலகை. செடி பச்சையா இருக்கறதும் பலகை பச்சையா இருக்கறதும் ஒண்ணு இல்ல. விளம்பரம் பண்றவன் செடியோட படத்தைக் காட்டிப் பலகையை விக்கறான். பூரா ஏமாத்தும் இந்த ஒரு இடத்துலதான் நடக்குது.

யோசிச்சுப் பாருங்க. மூங்கில் உருண்டை, உள்ள வெத்து. தரை தட்டை. உருண்டையை எப்படித் தட்டையாக்குவீங்க? நீளவாக்குல பத்தைபத்தையாப் பொளக்கணும். மேல இருக்கற பச்சைத் தோலைச் சீவணும், உள்பக்கத்து மெத்துன்னு இருக்கற பகுதியையும் சீவணும். மிஞ்சறது சில மில்லிமீட்டர் கனத்துல ஒரு பட்டை. அதை வேக வெக்கணும், ஏன்னா அதுல இருக்கற மாவுச்சத்துக்கும் சர்க்கரைக்கும் வண்டு வந்து உளுத்துடும். அப்புறம் காய வெச்சு, இழைச்சு, ஒண்ணோட ஒண்ணு பசை தடவி ஒட்டி, சூட்டோட அழுத்தணும். மேல பூச்சு அடிக்கணும். காபிக்கொட்டை நிறத்துல ஒரு பலகை காட்டுவாங்க பாருங்க, அது சாயம் இல்ல, நீராவியில அழுத்தத்தோட வெந்து கருகின நிறம். அழகாத்தான் இருக்கும். ஆனா அப்படி வேகவெச்சா பலகையோட கெட்டித்தன்மை குறையும். மேசை நாற்காலி இழுத்தா கோடு விழும்.

இன்னொரு வகை, இழைகளா நசுக்கிப் பிசின்ல முக்கி பயங்கர அழுத்தத்துல கட்டியாக்கறது. இரும்பு மாதிரி கெட்டி. ரொம்ப உழைக்கும், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கெட்டித்தனத்துல மூங்கிலுக்கு எவ்வளவு பங்கோ அதுல பாதியாவது பிசினுக்கும் அழுத்தத்துக்கும் கொடுக்கணும்.

இப்ப பசைக்கு வருவோம். மலிவான பலகையில பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஃபார்மால்டிஹைடுன்னா மருத்துவக் கல்லூரியில உடம்பைக் கெடாம வெக்கற ஃபார்மலின்ல இருக்கற அதே சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லயே இதை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பட்டியல்ல சேர்த்தாச்சு. யூரியா பசை சூட்டுலயும் ஈரத்துலயும் மெல்ல மெல்ல இந்த வாயுவை வெளியில விட்டுக்கிட்டே இருக்கும். சூடும் ஈரமும்! நம்ம டெல்டாவுல வேற என்னங்க இருக்கு?

எல்லாப் பலகையும் விஷம்னு சொல்ல வரல. குறைவா வாயு விடற பலகைகளுக்கு ஈ-1, ஈ-0ன்னு தரவரிசை இருக்கு. கலிஃபோர்னியாவுல 2007-ல கொண்டுவந்த கட்டுப்பாடும், அதுக்கப்புறம் 2010-ல அமெரிக்கா முழுக்க வந்த சட்டமும் இந்த மாதிரி ஒட்டுப்பலகைகளுக்காகத்தான் வந்துச்சு. நல்ல தயாரிப்பாளர்கள் ஃபார்மால்டிஹைடு இல்லாத பசையிலயும் செய்யறாங்க. ஆனா தம்பிக்கு விக்க வந்தவர்கிட்ட, "இதுல என்ன பசைங்க?"ன்னு கேட்டேன். "சார், இது நேச்சுரல் மூங்கில் சார்"னார். "மூங்கில் நேச்சுரல், பசை?"ன்னேன். "சார், இது ஃபுல்லா எக்கோ ஃப்ரெண்ட்லி சார்". நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் இதே மந்திரம். அம்மாவுக்கு வீசிங் இருக்கு. பகல் பூரா அந்த ரேழியிலதான் பாய் போட்டுப் படுத்திருப்பாங்க. தரைக்கும் அவங்க மூக்குக்கும் நடுவுல அரை அடிகூட இருக்காது. நான் ஏன் கத்தினேன்னு இப்பப் புரியுதா?

அடுத்தது, இது எங்கேருந்து வருது? பெரும்பாலும் சீனாவுலேருந்து. ஜெஜியாங் மாகாணத்துல ஆன்ஜின்னு ஒரு மாவட்டம், கண்ணுக்கெட்டின தூரம் மூங்கில். பாக்க அள்ளிக்கிட்டுப் போகும். ஆனா சந்தை சூடு பிடிச்சப்ப சீனாவுல பல மலைச்சரிவுகள்ல இருந்த கலப்புக் காட்டை எடுத்துட்டு மூங்கில் மட்டும் வளர்த்தாங்க. வேகமா வளரணும்னு உரம், மத்த செடி வராம இருக்க களையெடுப்பு. ஒரே ஒரு செடி மட்டும் இருக்கற எடத்தைக் காடுன்னு சொல்ல முடியாதுங்க, அது வயக்காடு. நெல்லு வயலைப் பாத்து "ஆகா என்ன வனம்"னு யாராச்சும் சொல்வோமா? மரத்தை வெட்டாம காப்பாத்தினோம்னு சொல்லிக்கிட்டே மரம் இருந்த எடத்துல புல்லை நட்டா அது என்ன கணக்கு? எல்லாத் தோப்பும் இப்படி வந்ததில்ல. பரம்பரை பரம்பரையா இருக்கற தோப்பும் நிறைய இருக்கு. நம்ம கைக்கு வந்த பலகை எதுலேருந்து வந்ததுன்னு விக்கறவருக்கே தெரியாது. அதுதான் சிக்கல்.

இங்க நம்மாளுங்க ஒரு வாதத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. "சீனாவுலேருந்து கப்பல்ல வருதே, அந்தப் புகை?"ன்னு. இந்த வாதம் எனக்குச் சாதகமா இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். ஏன்னா ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த கப்பலுக்கு ஆகற எரிபொருள், லாரிக்கு ஆகறதுல சின்னப் பங்குதான். வேகவெக்கறது, காயவெக்கறது, அழுத்தறது, பசை, இதுலதான் செலவு அதிகம். சும்மா "வெளிநாட்டுச் சரக்கு"ன்னு திட்டறதும் விளம்பரக்காரன் செய்யற அதே சோம்பேறித்தனம்தான்.

அதே மாதிரி, "மரத்தைவிட மூங்கில் 35 சதவீதம் அதிக ஆக்ஸிஜன் தருது"ன்னு வாட்ஸப்புல ஒண்ணு சுத்துதே, அதையும் கொஞ்சம் நிறுத்துங்க சாமிகளா. எந்த மூங்கில், எந்த மரம், ரெண்டுக்கும் என்ன வயசு? அந்த வாக்கியத்துல எதுவும் இருக்காது. கணக்குல வர்றது அது புடிச்சு வெச்சுக்கற கரி. வெட்டாம விட்ட மூங்கில் கழி சுமார் பத்து வருஷத்துல செத்து மக்கி, புடிச்சதைத் திருப்பிக் கொடுத்துடும். வெட்டிப் பலகையாக்கினா, பலகை எத்தனை வருஷம் வீட்டுல இருக்கோ அத்தனை வருஷம் கரி உள்ள இருக்கும். எட்டு வருஷத்துல உப்பிப்போச்சுன்னு பேத்து எரிச்சா? லாபம் அவ்வளவுதான், போயே போச்சு. ஆக மூங்கில் தரையோட பசுமை அது வளர்ற வேகத்தைவிட அது உழைக்கற வருஷத்துலதான் இருக்கு.

உழைக்குமா? நம்ம வீட்டுப் பழக்கத்தை நெனச்சுப் பாருங்க. பக்கெட் தண்ணியில மாப்பை முக்கி சொட்டச் சொட்டத் துடைப்போம். நல்லநாள் பெரியநாள்னா குடம் குடமா ஊத்திக் கழுவி விடுவோம். ஐப்பசி அடைமழையில சுவரே வேர்க்கும். மூங்கில் ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும். ஓரத்துல இடம் விட்டுப் பதிக்கணும், ஈரத்துணியைப் பிழிஞ்சுட்டுத்தான் துடைக்கணும், கீழேருந்து ஈரம் ஏறாம தடுப்பு போடணும். எங்க ஊர்ல மழைக்காலத்துல தரைக்கடியில கரையான் புத்து கட்டும். அங்க அம்மாவைப் பாத்து, "மெதுவாத் துடைம்மா"ன்னு யார் போய்ச் சொல்றது? நீங்க சொல்லுங்க, நான் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன் :-)

இப்ப எனக்கு நெசமாவே ரத்தம் கொதிக்கற எடத்துக்கு வர்றேன்.

1927-ல வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்திய வனச் சட்டத்துல "மரம்"ங்கற சொல்லுக்கு விளக்கம் எழுதறப்ப மூங்கிலையும் அதுல சேர்த்தான். புல்லு மரமாயிடுச்சு. விளைவு? பல மாநிலங்கள்ல விவசாயி தன் சொந்தக் கொல்லையில வளர்த்த மூங்கிலை வெட்டவும் எடுத்துக்கிட்டுப் போகவும் அனுமதி, பாஸுன்னு அலையணும். அந்த வார்த்தையை எடுக்க நமக்கு 2017 வரைக்கும் ஆச்சு. தொண்ணூறு வருஷம்! இன்னைக்கும் காட்டுக்குள்ள வளர்றது வன விளைபொருள்தான். 2006-ல வந்த வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள்னு சொல்லி, காட்டுல வாழற சனங்களுக்கு உரிமை கொடுத்துச்சு. கொடுத்தும்கூட, மகாராஷ்டிரா கட்சிரோலி மாவட்டத்துல மேண்டா லேகாங்கற கிராமம் தன் மூங்கிலைத் தானே விக்கற பாஸை வாங்க 2011 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நேர்ல போனப்பறம்தான் நடந்துச்சு.

அதே காலகட்டத்துல காட்டு மூங்கில் யாருக்குப் போச்சு? கர்நாடகாவுல காகித ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போச்சு. கூடை முடையறவங்க சந்தையில கொடுத்த விலைக்கு அது கிட்டக்கூட வராது. சூழலியலாளர் மாதவ் காட்கில் இதை உத்தர கன்னடாவுல ஆராய்ஞ்சு விரிவா எழுதியிருக்கார். கூடைக்கு வெட்டினா குத்தம், ஆலைக்கு வெட்டினா தொழில் வளர்ச்சி.

நம்ம வீடுகள்ல மூங்கில் எவ்வளவு இருந்துச்சுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பாருங்க. முறம், கூடை, தட்டி, ஏணி, பந்தல் கால், தொட்டில் கட்டற கழி, கடைசியில பாடை வரைக்கும். பசை கிடையாது, பூச்சு கிடையாது. வெட்டின கழியைக் குளத்துல வாரக்கணக்குல ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைய விட்டு, வண்டு அடிக்காம பண்ற வித்தை எங்க ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும். அந்த முறத்தை எடுத்துட்டு பிளாஸ்டிக் முறம் வாங்கினோம். ஏணியை அலுமினியம் ஆக்கினோம். முடைஞ்சவங்களைத் தெருவோரத்துல உக்கார வெச்சு ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசினோம். இப்ப சதுர அடிக்கு நூத்துக்கணக்குல கொட்டிக் கொடுத்து, கப்பல்ல வந்த மூங்கிலைப் பசையோட வாங்கி, "நான் இயற்கையோட வாழறேன்"னு படம் புடிச்சுப் போடறோம். ஊதுபத்திக் குச்சிகூட சீனா, வியட்நாம்லேருந்து வந்து, 2020-ல இறக்குமதி வரியை ஏத்தித்தான் அடக்க வேண்டியிருந்துச்சு. மூங்கில் வளர்ற நாட்டுல குச்சிக்குப் பஞ்சம்!

"சரிப்பா, அப்ப டைல்ஸ் போடச் சொல்றியா? கிரானைட் போடச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. இல்ல. டைல்ஸ்னா குஜராத்து மோர்பி. அங்க சூளைகளுக்கு எரிவாயு தயாரிக்க நிலக்கரியைப் போட்டுக் கெடுத்த கெடுப்புல, 2019-ல பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிலக்கரி உலைகளை மூடச் சொல்ல வேண்டியதாச்சு. கிரானைட்டுன்னா மதுரைப் பக்கம் மலையைக் காணோம், கம்மாயைக் காணோம்னு உயர்நீதிமன்றம் 2014-ல சகாயத்தை விசாரிக்க அனுப்பினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புதுசா ரெட் ஆக்ஸைடு போட்டாலும் சிமெண்டு வேணும், ஒரு டன் சிமெண்டுக்கு அரை டன்னுக்கு மேல கரியமில வாயு. புதுசாப் போடற எந்தத் தரையும் யோக்கியம் இல்ல. வேணும்னா யாரு கம்மியா அயோக்கியம்னு பேசலாம்.

அதனாலதான் சொல்றேன், உலகத்துலயே பசுமையான தரை ஏற்கெனவே உங்க காலுக்கடியில இருக்கறதுதான். அதுக்கான சிமெண்டு, காவி, கொத்தனார் வேர்வை எல்லாம் 1964-லயே செலவாகி முடிஞ்சுபோச்சு. இனிமே அதுக்கு ஆகற செலவு ஒரு வாளித் தண்ணி. அதைப் பேத்து எடுக்கற ஒவ்வொரு கடப்பாரை அடியும், "பசுமைக்காக"ன்னு சொல்லிக்கிட்டே குப்பையை உண்டாக்கற வேலை. உடைச்ச தரையை எந்த மூங்கிலாலயும் ஈடுகட்ட முடியாது.

சரி, புது வீடு கட்டறீங்க, தரையே இல்ல. அப்ப மூங்கில் வேணவே வேணாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாடி ரூமு, தண்ணி படாத எடம், ஈரம் ஏறாத தளம்னா தாராளமா யோசிக்கலாம். காட்டுத் தேக்கைவிட நூறு மடங்கு தேவலை. நம்ம நாட்டுலயே பண்றாங்க. 2023-ல திறந்த புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு மூங்கில் தரை திரிபுராவுலேருந்துதான் போச்சு. ஆனா காசு கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

1. என்ன பசை? ஃபார்மால்டிஹைடு அளவு என்ன தரம், அதுக்கான சோதனைச் சான்றிதழ் எங்க?

2. மூங்கில் எந்த ஊர்ல வெட்டினது, எத்தனை வயசுல? (முத்தாத மூங்கில் சீக்கிரம் பல்லிளிச்சிடும்.)

3. ஈரத்துக்கும் கரையானுக்கும் உத்தரவாதம் எத்தனை வருஷம்? எழுத்துல தருவீங்களா?

4. கீறல் விழுந்தா இழைச்சுப் பூச முடியுமா, எத்தனை தடவை? அந்த வேலை தெரிஞ்ச ஆள் என் ஊர்ல இருக்காரா?

நாலுக்கும் பதில் வந்தா வாங்குங்க. "எக்கோ ஃப்ரெண்ட்லி சார்"னு மட்டும் பதில் வந்தா, ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

தம்பி கதை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. மூணாவது நாள் அவனே, "அண்ணே, முன்பணம் திரும்பி வராதாம், கூடத்தை மட்டும் விட்டுடறேன்"னான். முன்பணம் போனாப் போகுதுடான்னு பாதியை நான் போட்டேன். கூடமும் ரெண்டு உள்ளும் தப்பிச்சுது.

ரேழிதான் போச்சு. மறுபடி காவித் தரை போடலாம்னு கொத்தனார் தேடினோம். அஞ்சு பேர் வந்து பாத்துட்டு, "டைல்ஸ்னா நாளைக்கே ஒட்டித் தரேன், இது எனக்கு வராது"ன்னு போயிட்டாங்க. ஆறாவதா வந்தவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். குனிஞ்சு கரணை புடிச்சுத் தேய்க்க முடியல. ஓரமா ஒரு முக்காலியில உக்காந்துக்கிட்டு மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். "ஈரம் காயறதுக்குள்ள தேய்டா, இப்ப விட்டுடு, இப்ப மறுபடி தேய்". பழைய தரை மாதிரி வரல. அங்கங்க திட்டுத்திட்டா இருக்கு, ஒரு மூலையில மயிரிழை மாதிரி விரிசல் வேற.

அம்மா பாத்துட்டு, "ஆயிடும்டா, துடைக்கத் துடைக்க ஆயிடும்"னாங்க. எத்தனை வருஷம் ஆகும்னு நான் கேக்கல.

டிஸ்கி: மூங்கில் தரை போட்டு நல்லா இருக்குன்னு சொல்ற நண்பர்கள் தாராளமா வந்து என்னைக் கும்மலாம். ஆனா என்ன பசைன்னு முதல் வரியில எழுதிட்டுக் கும்முங்க.